பூவுக்குள் ஐந்து பேர்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குத் தப்பிய பொருள் எதுவும் கிடையாது. கிரைண்டர், கேஸ் அடுப்பு, அப்பாவின் ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டாரின் சுவிட்சுப் பெட்டி, முதுகலைத் தமிழ் படிக்கும் என்னுடைய இலக்கண உரைகள் என எல்லாவற்றையும் அம்மா முதலில் ஈரத்துணியால் துடைப்பார், பிறகு சந்தனம் வைப்பார், அதன்மேல் குங்குமம். சுவரில் மாட்டிய படமென்றால் நான்கு மூலைக்கும் நடுவுக்குமாக ஐந்து பொட்டு. படத்தில் இருப்பது சாமியா, நீர்வீழ்ச்சியா, அப்பாவின் பள்ளிக்கூடக் குழுப்படமா என்ற வேறுபாடு அவருக்கு இல்லை. நீர்வீழ்ச்சிக்கு எதற்குப் பொட்டு என்று ஒரு முறை கேட்டேன். "அதுவும் வருஷம் பூரா ஆணியில தொங்கிக்கிட்டு உழைக்குதில்ல?" என்றார்.

இந்த வழக்கத்தால்தான், மாடியறைச் சுவரில் எட்டு மாதமாக இருந்த ஐந்து பேரை நாங்கள் கண்டுபிடித்தோம்.

எங்கள் வீடு திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து பிரியும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. கீழே நாங்கள் மூவர். மேலே இரண்டு அறைகள், வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் வாடகைக்கு. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்பதால் அறை காலியாகக் கிடப்பது அரிது. வருகிறவர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி, அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை இணையத்தில் ஏற்றுவது அப்பாவின் வேலை. காரத்தைக் குறைத்துச் சமைத்துக் கொடுத்துவிட்டு, 'இதை எப்படிச் சாப்பிடுகிறார்கள்' என்று மனத்துக்குள் இரக்கப்படுவது அம்மாவின் வேலை. இரு தரப்புக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பது என் வேலை. நான் அதிகம் பேசுகிறவள் அல்லள். ஆனால் மொழிபெயர்க்கும்போது நாள் முழுவதும் பேசுவேன். அவை என் சொற்கள் அல்ல என்பது ஒரு வசதி.

அந்த ஆண்டு மாசி மாதத் தொடக்கத்தில் ஒரு பெண்மணி வந்து மாடியறையில் தங்கினார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவருடைய நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், எழுதவில்லை. தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாவதாக ஒருவர் வந்து அருகில் நிற்கும் நாடு என்று மட்டும் சொல்லலாம். அவரிடம் ஒரு பெட்டியும், துணியில் சுற்றிய ஒரு தட்டையான பொதியும் இருந்தன. பொதிக்குள் ஐந்து மெல்லிய மரப்பலகைகள். ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம். ஒவ்வொன்றிலும் விளிம்புவரை பூக்கள்: கொழுத்த இளஞ்சிவப்பு, ஊதா, வெள்ளை. எங்கள் ஊர்ச் சந்தையில் விற்காத பூக்கள். வந்த அன்றைக்கே அப்பாவிடம் சுத்தியலும் ஆணியும் கேட்டு வாங்கி, ஐந்தையும் வரிசையாக மாட்டினார்.

அம்மாவுக்கு அந்தப் பூக்களின்மேல் ஒரு பிரியம். அறையைப் பெருக்கப் போனால் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்று பார்த்துவிட்டு வருவார். "ஒண்ணு கூட வாடின பூ இல்ல பாரு" என்பார். படத்தில் எப்படி வாடும் என்று நான் கேட்கவில்லை.

ஆயுத பூஜை அன்று காலை அந்தப் பெண்மணி கிரிவலப் பாதையில் நடக்கப் போயிருந்தார். அறையைச் சுத்தம் செய்யலாமா என்று அம்மா முந்தின நாளே கேட்டிருந்தார். சரி என்று அவரும் தலையாட்டியிருந்தார். சுத்தம் என்ற சொல்லுக்கு அம்மாவின் அகராதியில் எவ்வளவு நீண்ட பொருள் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. மொழிபெயர்த்த நானும் விளக்கவில்லை.

நான் கீழே பொரியில் வெல்லத்தைக் கலந்துகொண்டிருந்தேன். மேலேயிருந்து அம்மாவின் குரல்:

"ஏய், இங்க வாடி சீக்கிரம்! பூவுக்குள்ள ஒரு ஆளு இருக்கான்!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா முக்காலியின்மேல் நின்றிருந்தார். கையிலிருந்த துணி ஊதாவாகியிருந்தது. முதல் பலகையின் கீழ்ப்பாதியில் பூ இல்லை. அந்த இடத்தில் ஒரு சட்டைக் காலர், நரைத்த மீசை, மூக்கு, ஒரு கண். அந்தக் கண் நேராக எங்களைப் பார்த்தது.

"நான் அழுத்தக்கூட இல்லடி. பொட்டு வைக்கலாம்னு மூலையில லேசா துடைச்சேன். சாயம் போயிடுச்சு."

"மூலை போனதும் நிறுத்தியிருக்கலாமே அம்மா."

"மீசை தெரிஞ்சுது. மீசை தெரிஞ்சப்புறம் மூஞ்சியப் பாக்காம எப்படி எறங்கறது?" என்றவர், உடனே குரலைத் தாழ்த்தினார். "கலர் வச்சிருக்கியே, காலேஜுக்கு பேனர் எழுதற கலரு. அவங்க வர்றதுக்குள்ள அந்தப் பூவ வரைஞ்சு உட்டுடு. அவங்களுக்குத் தெரியவா போவுது?"

எங்கள் வீட்டில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் சட்டவிரோதமான உதவி அது. நான் பதில் சொல்வதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் வாசலில் நின்றார். பலகையைப் பார்த்தார். அம்மா துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஊதா நீர் முழங்கையில் வடிந்தது. அந்தப் பெண்மணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லுடி. வேணும்னு பண்ணலன்னு சொல்லு."

சொன்னேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. "என்ன தண்ணீர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "அதில் என்ன கலந்தீர்கள்?"

நான் அம்மாவிடம் கேட்டேன்.

"என்னத்தக் கலக்கறது? போர் தண்ணி. துடைக்கிறதுக்கு யாராச்சும் கேன் தண்ணி எடுப்பாங்களா?"

போர் தண்ணீர் என்பதை எப்படி மொழிபெயர்ப்பது என்று யோசித்து, 'நிலத்தடியிலிருந்து எடுக்கும் வெறும் தண்ணீர்' என்றேன். அவர் எழுந்து வந்து, முக்காலியில் நின்ற அம்மாவை இடுப்போடு கட்டிக்கொண்டார். தோள் குலுங்கியது. அம்மா அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "சிரிக்கிறாங்களா, அழுவுறாங்களா? சரியா பாத்து சொல்லுடி, எனக்குத் தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை.

அன்று மாலை, பூஜை முடிந்து, எங்கள் சமையலறையில் சுண்டல் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் எல்லாவற்றையும் சொன்னார். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் வைத்தேன்.

அவருடைய தம்பி ஓர் ஓவியர். அவர்கள் குடியிருந்த தெருவிலிருந்து, ஒரே வாரத்தில், ஐந்து பேரை அரசாங்கம் கூட்டிக்கொண்டு போனது. அவர்கள் திரும்பவில்லை. பிறகு வீடுகளுக்கு ஆட்கள் வந்து, அவர்கள் இருந்த புகைப்படங்களையெல்லாம் எடுத்துப் போனார்கள். அப்படி யாரும் அந்தத் தெருவில் இருந்ததே இல்லை என்றார்கள். தம்பி நினைவிலிருந்து அந்த ஐந்து முகங்களையும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அவற்றை வைத்திருப்பதே குற்றம் என்பதால் மேலே பூக்களை வரைந்து மூடினார். பூப்படங்கள் என்ற பெயரில் அக்கா அவற்றை விமானத்தில் கொண்டுவந்தார். 'மேலே இருப்பது கழன்று வந்துவிடும்' என்று தம்பி சொல்லியிருந்தார். எதைக் கொண்டு கழற்றுவது என்று சொல்வதற்கு முன் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எட்டு மாதமாக அக்கா பஞ்சு, சிறு தூரிகைகள், விதவிதமான மருந்துப் புட்டிகள் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். ஒன்றையும் திறக்கத் துணியவில்லை. தவறான மருந்து பட்டால் பூவோடு முகமும் போய்விடும். விவரம் தெரிந்த யாரிடமாவது கொண்டுபோனால் கேள்வி வரும்.

அப்பா சுண்டலைக் கீழே வைத்தார். "அப்ப அந்த அஞ்சு பேரு மூஞ்சி வேற எங்கயும் இல்லியா?"

"இல்லை" என்றார் அவர்.

"நம்ம ஊர்ல இத வச்சிருக்கிறது தப்பு இல்லியே?"

இங்கே தப்பில்லை. ஆனால் அவர் நாட்டவர் பலர் திருவண்ணாமலைக்கு வருகிறார்கள். எங்கள் வீட்டு முகவரியே அவர்களில் ஒருவர் மூலம்தான் அவருக்குக் கிடைத்தது. யார் எதை எங்கே போய்ச் சொல்வார்கள் என்று தெரியாது. படங்கள் உயிரோடு இருக்கின்றன என்ற செய்தி எட்டினால், உள்ளேயிருக்கும் தம்பிதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதையும் நான் தமிழில் சொல்லி முடித்தேன்.

"சரி, மீதி நாலு பேரையும் எப்ப தொடைக்கிறது?" என்றார் அம்மா.

அடுத்த மூன்று நாட்கள் எங்கள் மாடியறையில் நடந்த வேலைக்கு அம்மாதான் தலைமை. அப்பாவின் பழைய வேட்டியில், துவைத்துத் துவைத்து நைந்த பகுதியைக் கிழித்து எடுத்தார். "புதுத்துணி கீறும்" என்றார். துணியை நனைத்து, பிழிந்து, பூவின்மேல் ஒத்தி, பொறுத்து, எடுத்தார். காய்ச்சல்காரக் குழந்தைக்கு நெற்றியில் பற்றுப் போடுகிற அதே கை. அந்தப் பெண்மணி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "அக்கா, மெதுவா" என்று தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டார். "மெதுவாத்தான்மா பண்றேன். உன் தம்பி என்னா இவ்ளோ கலரு அப்பி வச்சிருக்கான்" என்றார் அம்மா.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நரைத்த மீசைக்காரர் ரொட்டி சுடுகிறவர். அடுத்து, பேருந்து ஓட்டும் ஒருவர், தூக்கமில்லாத கண்கள். கழுத்தில் அளவுநாடாவோடு ஒரு தையல்காரப் பெண். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய ஒரு பள்ளி ஆசிரியர். கடைசியாக, என் வயதுடைய ஒரு மாணவி. கறுத்த கூந்தலை ஒரு பக்கமாக வாரி விட்டிருந்தாள். கோபமாக இருப்பதுபோல் தோன்றியது. உற்றுப் பார்த்தால் சிரிப்பை அடக்குகிற முகம் அது.

நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு படத்தையும் எழுதி வைத்தேன். பலகையின் அளவு, பின்னணியின் நிறம், யார் எந்தப் பக்கம் பார்க்கிறார், எத்தனை பொத்தான்கள், எந்தப் பொத்தான் இல்லை. வகுப்பில் பழம் பாடல்களுக்கு உரை எழுதியவர்களைப் படிக்கும்போது, ஒரு வரிக்கு இவ்வளவு விளக்கம் எதற்கு என்று சலித்ததுண்டு. அந்த மூன்று நாட்களில் அவர்களுடைய அவசரம் எனக்குப் புரிந்தது. மூலம் போய்விட்டால் உரையாவது இருக்க வேண்டும். படங்களை என் கைபேசியில் எடுத்தும் வைத்தேன். அந்தப் பெண்மணி எதையும் தன் கைபேசியில் வைத்துக்கொள்ள முடியாது. அவருடைய விசா கார்த்திகை தீபத்துக்கு முன்பே முடிகிறது. தம்பி சிறையில் இருக்கும் ஊருக்கு அவர் திரும்பிப் போக வேண்டும். விமான நிலையத்தில் முதலில் திறக்கப்படுவது கைபேசிதான்.

படங்கள் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று சொன்னவர் அப்பா. பீரோவின் மேல் சாக்கில் சுற்றி வைக்கலாமா என்ற பேச்சு வந்தது. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "மரப்பலகை. ஒரு மழைக்குள்ள கரையான் ஏறிடும். கூடத்துல ஆணியில தொங்கட்டும், தெனமும் கண்ணுல படும்." கூடத்தில் தொங்க வேண்டுமானால் மறுபடியும் பூ வேண்டும். அந்தப் பெண்மணிக்கு ஒரு கோடுகூட நேராக வராது. ஆகவே அம்மா முதல் நாள் என்னிடம் கேட்ட சட்டவிரோதமான உதவியை, இப்போது மூன்று பேரும் சேர்ந்து கேட்டார்கள்.

நான் ஒழுங்காகத்தான் தொடங்கினேன். என் போஸ்டர் கலர் பெட்டியிலிருந்த ஒவ்வொரு நிறத்தையும் எவர்சில்வர் தட்டில் தடவி, ஒரு நாள் காயவிட்டு, ஈரத்துணியால் துடைத்துச் சோதித்தேன். எல்லாம் சுத்தமாகப் போயின. எண்ணெய் வண்ணத்தின்மேல் இந்தக் கலர் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டது. அம்மா பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுக் கலக்கச் சொன்னார், ஒட்டிக்கொண்டது. எனக்கு அந்த நாட்டுப் பூக்கள் வரவில்லை. அதனால் ரொட்டிக்காரர் செம்பருத்திக்குள் போனார். ஓட்டுநர் அரளிக்குள். தையல்காரப் பெண்ணை டிசம்பர் பூ மூடியது. ஆசிரியருக்கு அம்மா சாமந்தி கேட்டார். கண்களை மூடும்போது மட்டும் என் கை கொஞ்சம் நின்றது. அந்தப் பெண்மணி ஒவ்வொருவரிடமும் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். நான் அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

நான்கு படங்கள் முடிந்தபோது அவர் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. ஐந்தாவதை நான் முடித்துவிடுவதாகச் சொன்னேன். சென்னைப் பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, "போயிட்டு வரேன், அக்கா" என்றார். "வரேன்னு சொன்னியே, அது போதும்" என்றார் அம்மா.

அன்று சாயங்காலமே, தீபத்துக்காக முன்பதிவு செய்தவர்கள் வர இருந்தார்கள். அவர்களில் ஓர் இளைஞர் அந்தப் பெண்மணியின் நாட்டுக்காரர். ஐந்தாவது பலகை என் மேசைமேல் திறந்து கிடந்தது. அம்மா அரைமணிக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தார்.

"தலையில பூ வை. பொண்ணு மொட்டையா நிக்குது பாரு. கனகாம்பரம் வை."

"மறைக்கத்தான் வரைகிறேன் அம்மா, அலங்காரத்துக்கு இல்லை."

"மறைக்கிறதயும் பாக்கற மாதிரி மறைச்சா என்னா?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பெட்டியிலிருந்த ஆரஞ்சு காய்ந்து கட்டியாகியிருந்தது. தேரடிப் பக்கம் ஒரு கடைக்கு ஓடிப்போய் ஒரு சின்னப் புட்டி வாங்கி வந்தேன். வலது காதுக்கு மேலிருந்து கூந்தலோடு இறங்கும் சரமாகப் பதினொரு கனகாம்பரங்கள் வரைந்தேன். பிறகு பெட்டியிலிருந்த பச்சையாலும் மஞ்சளாலும் முகத்தையும் மீதிக் கூந்தலையும் மூடினேன். புதிய ஆரஞ்சைச் சோதிக்கவில்லை. ஒரு நாள் காயவிட்டுத் துடைத்துப் பார்க்க எனக்கு ஒரு நாள் இல்லை. சாக்குச் சொல்வதென்றால் இதுதான் காரணம். உண்மையாகச் சொல்வதென்றால், எனக்கு அது தோன்றவே இல்லை.

அந்த இளைஞர் நல்ல பையன். கூடத்தில் ஐந்து படங்களையும் நின்று பார்த்தார்.

"யார் வரைந்தது?"

மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் அம்மா பெருமையோடு என்னைச் சுட்டினார். ஒன்றை விலைக்குத் தர முடியுமா என்று அவர் கேட்டார், கனகாம்பரத்தைக் காட்டினார். நான் தடுமாறுவதைப் பார்த்து அம்மா, "வேண்டுதல்னு சொல்லுடி. சாமிக்கு வேண்டிக்கிட்டு வரைஞ்சது, குடுக்கக்கூடாதுன்னு சொல்லு" என்றார். சொன்னேன். அவர் கைகூப்பினார். ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார். அந்தப் புகைப்படத்தை நினைத்து நான் பல நாட்கள் சரியாகத் தூங்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அவர் உண்மையாகவே பூவைத்தான் படம்பிடித்திருந்தார்.

நடந்தது வேறு. அடுத்த ஆண்டு கார்த்திகைக்கு, அகல் விளக்குத் திரி வாங்க அதே கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாளிடம் கடைக்காரர் ஒரு சின்னப் புட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அகலுக்குப் பூசறதுமா. எண்ணெய் பட்டாலும் போவாது, தண்ணி பட்டாலும் போவாது. தேய்ச்சுக் கழுவுங்க, அப்படியே இருக்கும். போவுச்சுன்னா என்கிட்ட கொண்டாங்க."

அதே புட்டி. அதே ஆரஞ்சு.

வீட்டுக்கு வந்து, பஞ்சை நனைத்து, சரத்தின் கடைசிப் பூவின் ஓரத்தில் ஒத்தினேன். பக்கத்திலிருந்த பச்சை பஞ்சில் வந்தது. ஆரஞ்சு அசையவில்லை. அழுத்தினேன். அசையவில்லை. பச்சை விலகிய இடத்தில் ஒரு துளி கறுப்புக் கூந்தல் தெரிந்தது. அதை மறுபடியும் பச்சையால் மூடிவிட்டு உட்கார்ந்தேன். ஓர் அரசாங்கம் இல்லாமலாக்கிய ஒரு பெண்ணுக்கு மிஞ்சியிருந்த ஒரே முகம். அதன்மேல் நான் பதினொரு இடத்தில் அழிக்க முடியாத கறை வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன்.

"போவலன்னா இருந்துட்டுப் போவுது. பூதான? தார் ஒண்ணும் இல்லியே."

"அது நம் படம் இல்லை அம்மா. அதில் எதைச் சேர்க்கவும் நமக்கு உரிமை இல்லை."

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "கனகாம்பரம் வைன்னு சொன்னது நானு" என்றார் கடைசியில். "அதையும் சேத்து எழுது, உன் நோட்டுல."

அந்தப் பெண்மணிக்கு எழுத வழியில்லை. அவருக்கு வரும் செய்திகளை வேறு யாரோ முதலில் படிப்பார்கள். எப்போதாவது அவரிடமிருந்து 'பூக்கள் நலமா?' என்று ஒரு வரி வரும். 'நலம்' என்று பதில் எழுதுவேன். அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் பொய்ச்சாட்சி சொல்வதுபோல் இருக்கும். அந்த ஆண்டுகளில் ஆயுத பூஜைக்கு அம்மா கூடத்துப் படங்களுக்கு மட்டும் உலர்ந்த துணி எடுத்தார். பொட்டைப் பலகைக்கு வைக்காமல் ஆணிக்கு வைத்தார். கேஸ் அடுப்புக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை என்றார் அப்பா.

இன்னும் ஓர் ஆண்டு போயிற்று. ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் அந்தப் பெண்மணியே வாசலில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். தம்பி வெளியே வந்துவிட்டார், நாட்டைவிட்டும் வெளியேறிவிட்டார். வேறொரு நாட்டில், படங்களை வைத்துப் பாதுகாக்க ஓர் இடம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பூக்களைக் கழற்ற வேண்டாம், தானே கழற்றுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். இரண்டே நாட்கள் தங்கினார்.

அந்த இரண்டு நாட்களில் சொல்வதற்கு எனக்குப் பல நேரங்கள் கிடைத்தன. காபி கொடுக்கும்போது, பலகைகளுக்கு நடுவே பழைய வேட்டித்துணியை மடித்து வைக்கும்போது, ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது. என் சொற்களாகப் பேச வேண்டியிருந்தால் எனக்கு வாய் வருவதில்லை. கடைசியில் நோட்டுப் புத்தகத்தைப் படங்களோடு வைத்து அனுப்பினேன். அதில் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலும் பெயர்த்து எழுதியிருந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டை ஒட்டினேன். புத்தகம் அச்சாகி முடிந்த பிறகு பதிப்பாளர்கள் ஒட்டுவார்களே, அது போன்ற ஒரு பிழைதிருத்தம்: 'படம் ஐந்து. கூந்தலில் உள்ள ஆரஞ்சு நிறப் பூக்கள் பதினொன்றும் நீரில் கரையா. சோதிக்காமல் பயன்படுத்தியது என் தவறு. மற்றவை கரையும்.' அம்மா சொன்னதைச் சேர்க்கவில்லை. அவர் பூவைத்தான் கேட்டார். புட்டியைத் தேர்ந்தெடுத்தது நான்.

பத்து நாட்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில், வீடியோ கால் வந்தது. திரையில் அந்தப் பெண்மணி. பக்கத்தில் கனத்த கம்பளிச் சட்டைக்குள் ஒருவர். அக்காவின் அதே நெற்றி. முன்னால் ஒரு மேசை, ஒரு கிண்ணம் தண்ணீர், எங்கள் வேட்டித்துணி. மேசைமேல் ஐந்தாவது படம் கிடந்தது. துண்டுச்சீட்டை முதலில் படித்திருக்கிறார் என்று புரிந்தது.

"தம்பி நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?" என்றார் அம்மா. நான் மொழிபெயர்த்தேன். சாப்பிட்டாராம்.

அவர் துணியை நனைத்துப் படத்தின்மேல் வைத்துத் தேய்த்தார்.

"ஐயோ, தேய்க்காதீங்க தம்பி! ஒத்தி எடுங்க. தண்ணி ஜாஸ்தி, புழிஞ்சுக்கங்க. ஏய், சொல்லுடி சீக்கிரம்!"

சொன்னேன். தன் ஓவியத்தைத் தான் துடைப்பதற்கு ஒருவர் வழி சொல்வதைக் கேட்டு அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். அக்கா அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அவர் துணியைப் பிழிந்து, ஒத்தினார். பச்சை போனது. மஞ்சள் போனது. தாடை வந்தது, சிரிப்பை அடக்கும் அந்த வாய், பிறகு கண்கள். அவர் கை நின்றுவிட்டது. நினைவிலிருந்து வரைந்த முகத்தை அவர் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கிறார்.

கூந்தலுக்கு வந்தார். பதினொரு கனகாம்பரங்களும் அப்படியே நின்றன. தண்ணீர் அவற்றின்மேல் பளபளத்தது. துணியால் ஒத்தினார், அழுத்தினார், ஒன்றும் ஆகவில்லை. நான் என் சொற்களில், இந்த முறை யாருக்காகவும் அல்லாமல், "என்னை மன்னியுங்கள்" என்றேன்.

அவர் மேசையிலிருந்து ஒரு சிறு கத்தியை எடுத்தார்.

"சொரண்டறதுன்னா சொரண்டட்டும்னு சொல்லு" என்றார் அம்மா தாழ்ந்த குரலில். "அவரு படம்."

சொன்னேன். அவர் கத்தி முனையைக் கடைசிப் பூவின் ஓரத்தில் வைத்து மெல்ல நெம்பினார். ஆரஞ்சு பெயர்ந்தது. அதன் அடியில் ஒரு கடுகளவு கறுப்பும் சேர்ந்து பெயர்ந்தது. உடனே நிறுத்தினார். கத்தியின் முனையில் இருந்ததை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு படத்தைக் கைநீட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பார்த்தார். பத்துப் பூவும் ஒரு பாதிப் பூவும் கூந்தலில் இறங்கி, அந்தப் பெண் எங்கள் ஊர்க் கல்லூரிப் பேருந்துக்கு நிற்பவள்போல் இருந்தாள்.

"இந்தப் பூவுக்கு மணம் உண்டா?" என்று கேட்டார்.

நான் அம்மாவிடம் கேட்டேன்.

"கனகாம்பரத்துக்கு வாசனையெல்லாம் கெடையாது" என்றார் அம்மா, சற்றுக் குறைபட்ட குரலில். அப்படியே விட மனம் வராமல் சேர்த்துக்கொண்டார்: "ஆனா காலைல வச்சா மறுநா வரைக்கும் வாடாது. மல்லி அந்த மாதிரி தாங்காது, சொல்லு."

முழுவதையும் சொன்னேன், மல்லி உட்பட. அவர் கத்தியைத் துடைத்து மேசையின் இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அந்தப் பெண்ணின் தாய் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறாராம். என்றைக்காவது படத்தைக் காட்ட முடிந்தால், இந்தப் பூ எப்படி வந்தது என்று அவரே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றார். படத்தை எடுத்துச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தார். என் துண்டுச்சீட்டைப் பிய்த்து எறிவார் என்று எதிர்பார்த்தேன். அதை அவர் பலகையின் பின்புறத்தில் ஒட்டினார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்வதற்குச் சரியான சொல்லைத் தேடினேன். அம்மா என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

"கிண்ணத்துத் தண்ணிய மாத்தச் சொல்லுடி, பச்சையாயிடுச்சு. இன்னும் நாலு பேரு இருக்காங்க."